மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது!

உங்கள் வீட்டில் மாத்திரை வைக்கும் அலமாரியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பி.பி. மாத்திரை அட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு பொடி டப்பா இருக்கிறதா? மருதம்பட்டைப் பொடி, பூண்டு காப்ஸ்யூல், கண்காட்சியில் வாங்கிய 'கொழுப்பைக் கரைக்கும்' சாறு... ஏதாவது ஒன்று இருக்கும். இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் அந்த டப்பா விஷயம் உங்கள் டாக்டருக்குத் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. 'சொன்னால் திட்டுவார்' என்று நீங்கள் சொல்வதில்லை. அவசரத்தில் அவரும் கேட்பதில்லை.

என் அத்தை என்னிடம் கேட்கத்தான் செய்தார். போனில்தான். "ஏம்ப்பா, பக்கத்து வீட்டம்மா ஒரு மூலிகைப் பொடி வாங்கிக் குடுத்திருக்காங்க. பி.பி., கொழுப்பு ரெண்டுக்குமே நல்லதாம். சாப்பிடலாமா?" என்றார். எனக்கு வெளியே நோயாளிகள் கூட்டம். "மூலிகைதானே அத்தை, சாப்பிடுங்க. ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

பொடி சாப்பிடலாமா என்றுதான் அவர் கேட்டார். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பிடலாமா என்று கேட்கவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. அவர் சாப்பிட்டு வந்த பி.பி. மாத்திரையால் சாயங்காலமானால் கால் வீங்கும். பொடிக்கு மாறியதும் வீக்கம் வடிந்தது. 'உடம்பே லேசா இருக்கு' என்று நாலு பேருக்குச் சொல்லி சந்தோஷப்பட்டிருக்கிறார். நாலு மாதம் கழித்து ஒரு காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. வலது கை தூக்க முடியவில்லை, வாய் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பி.பி. 210/120.

இப்போது அந்த 'ஒண்ணும் பண்ணாது' என்ற வார்த்தைக்கு வருகிறேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள், நானும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அதிலிருக்கும் ஓட்டை தெரியும். ஒரு செடி உடம்பில் ஒண்ணும் பண்ணாது என்றால், அது ரத்த அழுத்தத்தையும் குறைக்காது. ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற செடி என்றால், அது உடம்பில் என்னவோ பண்ணுகிறது. அப்போது அதற்கு அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு, மற்ற மாத்திரைகளோடு சண்டையும் உண்டு. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

உலகத்துக்கே மருந்து கொடுத்த வேர்

செடிகளுக்கு சக்தி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு உலகம் முழுக்கப் பயன்பட்ட முதல் மருந்துகளில் ஒன்று நம் நாட்டு வேரிலிருந்து வந்ததுதான். சர்ப்பகந்தி என்று பெயர். வடக்கே அதைப் பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் அது ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். எழுதியது இந்தியப் பத்திரிகையில் என்பதால் வெளிநாட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1949-ல் பம்பாயைச் சேர்ந்த இதய நிபுணர் ருஸ்தம் ஜால் வக்கீல், தன் நோயாளிகளிடம் கண்ட பலனை இங்கிலாந்தின் இதய மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் சிபா கம்பெனியின் விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து 'ரிசர்பின்' என்ற பொருளைத் தனியே பிரித்தார்கள்.

இந்த ரிசர்பின் சாதாரணப்பட்ட மருந்தில்லை. பி.பி.யைக் குறைத்தால் பக்கவாதம் போன்ற ஆபத்துகளும் குறையும் என்பதை நிரூபித்த அமெரிக்க ஆய்வு 1967-ல் வெளியானது. கடுமையான ரத்த அழுத்தம் இருந்த 143 ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பாதிப் பேருக்குக் கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று இந்த ரிசர்பின். ஆக, 'பி.பி. மாத்திரை உயிரைக் காக்கும்' என்று டாக்டர்கள் இன்று அடித்துச் சொல்வதற்கான அஸ்திவாரத்தில் ஒரு மூலிகை வேரும் இருக்கிறது!

அப்புறம் ஏன் இன்று அதை அதிகம் எழுதிக் கொடுப்பதில்லை? அது வேலை செய்கிற மருந்து என்பதால்தான்! நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் ரசாயனத்தைக் காலி செய்து ரத்தக் குழாய்களைத் தளர்த்துவது அதன் வேலை. அதே ரசாயனம் மூளையிலும் இருக்கிறதே! அளவு கூடியபோது மனச்சோர்வு வந்ததாகப் புகார்கள் எழுந்தன. மூக்கடைப்பு, வயிற்றுப் புண் தொல்லைகளும் உண்டு. ஒரு நாளைக்குத் தேவைப்படும் ரிசர்பினே கால் மில்லிகிராமுக்குள்தான். கால் மில்லிகிராமை எந்த ஸ்பூனால் அளப்பீர்கள்? ஒரு வேரில் கூடுதலாக இருக்கும், இன்னொரு வேரில் குறைவாக இருக்கும். அதனால்தான் சர்ப்பகந்தியைக் கடையில் வாங்கி வீட்டில் இடித்துச் சாப்பிடக் கூடாது என்கிறோம்.

முதல் டிகாக்ஷன், இரண்டாம் டிகாக்ஷன்

இப்போதெல்லாம் பொடியைவிட 'சாறு', 'சத்து', 'எக்ஸ்ட்ராக்ட் 500 மில்லிகிராம்' என்றுதான் டப்பாக்களில் போடுகிறார்கள். எக்ஸ்ட்ராக்ட் என்றால் என்ன? காபி பில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே காபிப் பொடிதான். முதல் டிகாக்ஷன் ஒரு மாதிரி, இரண்டாவது வேறு மாதிரி. வெந்நீருக்குப் பதிலாக ஆல்கஹாலை ஊற்றி இறக்கினால் இன்னொரு மாதிரி. செடியிலும் அப்படித்தான். தண்ணீரில் இறங்குவது ஒன்று, எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் இறங்குவது வேறொன்று. ஆகவே 'பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோம்' என்ற நற்சான்றிதழ் பாட்டி வைத்த கஷாயத்துக்குத்தான் பொருந்தும். கம்பெனி இறக்கிய சாறுக்கு அது பொருந்த வேண்டுமென்று கட்டாயமில்லை.

கிரீன் டீ இதற்கு நல்ல உதாரணம். அதை டீயாகக் குடிப்பவர்களுக்கு ஈரல் கெட்டதாகப் பொதுவாகப் பார்ப்பதில்லை. அதையே சத்து பிரித்து மாத்திரையாக்கினால்? அதிலுள்ள முக்கியப் பொருள் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால், ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவுகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் சொன்னது. இலை ஒன்றுதான், உடம்புக்குள் போகிற அளவுதான் வேறு.

கொலஸ்ட்ராலுக்குப் பேர் போன குக்குலுவின் கதையையும் கேளுங்கள். ராஜஸ்தான், குஜராத் வறண்ட காடுகளில் வளரும் ஒரு முள்மரத்தின் பிசின் அது. உடல் கொழுப்பு நோய்க்கு சுஸ்ருத சம்ஹிதையில் அதைச் சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்யவதி என்ற ஆராய்ச்சியாளர் முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1966-ல் வந்த அவருடைய ஆய்வுதான் ஆரம்பம். லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பிசினிலிருந்து தேவையான பகுதியைப் பிரித்தெடுத்தது. 1980-களின் பிற்பகுதியில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் கொலஸ்ட்ரால் குறைந்தது. நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது.

அப்புறம் 2003-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 103 பேரை வைத்து எட்டு வாரம் சோதித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. முடிவு? எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5 சதவிகிதம் இறங்கியது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு 4 முதல் 5 சதவிகிதம் ஏறியது! சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. இந்த ஒரு ஆய்வோடு குக்குலுவின் கணக்கை மூடிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் காலமும் போய்விட்டது. இதற்கு நடுவே, பிசினுக்காகக் கண்டபடி கீறிக் கீறி அந்த மரமே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது, பாவம்.

பூண்டு சாப்பிடலாமா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். தாராளமாகச் சாப்பிடுங்கள், ரசத்திலும் குழம்பிலும். ஆனால் கொலஸ்ட்ராலுக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பூண்டு விழுங்குகிறவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 192 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்று குழுக்களுக்குப் பச்சைப் பூண்டு, பூண்டுப் பொடி மாத்திரை, நாள்பட ஊறவைத்த பூண்டுச் சாறு. நாலாவது குழுவுக்கு வெறும் மாத்திரை. ஆறு மாதம் ஓடியது. 2007-ல் வெளியான முடிவின்படி எந்தக் குழுவுக்கும் கெட்ட கொலஸ்ட்ரால் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை.

ரத்த அழுத்த விஷயத்தில் பூண்டுக்குக் கொஞ்சம் நல்ல பெயர் இருக்கிறது. ஏற்கெனவே பி.பி. உள்ளவர்களுக்கு ஓரளவு இறங்குவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதே பூண்டு ரத்தம் உறைவதையும் சற்றுத் தாமதப்படுத்தும். ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்பரினோ சாப்பிடுகிறவர்கள் பூண்டு காப்ஸ்யூலையும் சேர்த்துக்கொண்டால் ரத்தக் கசிவு ஆபத்து உண்டு. பல் பிடுங்கப் போகிறீர்களா, ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிறார்களா? பூண்டு காப்ஸ்யூல் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சத்தமில்லாமல் வேலை செய்வது இன்னொன்று: இசப்கோல் உமி. மலச்சிக்கலுக்கு வாங்குகிறோமே, அதேதான். ஈரல் கொலஸ்ட்ராலிலிருந்துதான் பித்தநீரைத் தயாரிக்கிறது. இந்த உமி குடலில் கூழாகிப் பித்தத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். ஈரலுக்குப் பித்தம் பற்றாமல் போகும். புதிதாகத் தயாரிக்க ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். தினமும் 10 கிராம் சாப்பிட்டால் எல்.டி.எல். ஏறக்குறைய 7 சதவிகிதம் குறையும். இரண்டு நிபந்தனைகள்: நிறையத் தண்ணீரோடு சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஊறவைத்த வெந்தயத்தின் வழவழப்பும் இதே ஜாதிதான்.

7 சதவிகிதம் என்பது எவ்வளவு? எல்.டி.எல். 160 இருந்தால் 149 ஆகும். டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாதாரண அளவிலேயே மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து 107-க்குக் கொண்டுவந்துவிடும். லேசாக எல்லை தாண்டியவருக்கு இசப்கோலும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் போதுமானதாக இருக்கலாம். ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்தவருக்கு, ஸ்டென்ட் வைத்தவருக்குப் போதவே போதாது. வீட்டில் யார் எந்த ரகம் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல முடியாது.

ஸ்டாட்டின் பிறந்த கதையே வேடிக்கையானது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1973-ல் முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தது ஒரு பூஞ்சையில். சீனாவில் அரிசியின் மேல் சிவப்பாகப் பூஞ்சை வளர்த்து உணவில் சேர்ப்பார்கள். அந்தச் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் முக்கியப் பொருளும், 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் மாத்திரையும் ஒன்றேதான்! 'எனக்கு இங்கிலீஷ் மருந்து வேண்டாம், இயற்கையானது போதும்' என்று இந்த அரிசி மாத்திரையை வாங்குகிறவர் ஸ்டாட்டினைத்தான் சாப்பிடுகிறார், எவ்வளவு என்று தெரியாமல். டாக்டர் தரும் ஸ்டாட்டினோடு இதையும் சேர்த்தால் இரட்டை டோஸ். தசை வலி, ஈரல் தொல்லை வரலாம். 2024-ல் ஜப்பானிலேயே இந்த ரக மாத்திரையில் வேண்டாத பூஞ்சை விஷம் கலந்து பலருக்குச் சிறுநீரகம் பாதித்தது.

பி.பி.யைக் குறைக்கும் டீயும், கூட்டும் குச்சியும்

புளிச்சகீரை ஜாதியில் ஒன்றின் காயைச் சுற்றிச் சிவப்பாக, புளிப்பாக ஓர் உறை இருக்கும். அதைக் காயவைத்து டீ போடுகிறார்கள். அமெரிக்காவில் டப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில், பி.பி. லேசாகக் கூடியிருந்த 65 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினம் மூன்று கப் வீதம் ஆறு வாரம் கொடுத்தார்கள். மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. சாதாரண நிறத் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஒரு புள்ளிதான். 2010-ல் வந்த முடிவு இது. ஒரு பி.பி. மாத்திரையே சராசரியாக 8, 9 புள்ளிதான் குறைக்கும் என்பதால், இதைக் கேலி செய்ய முடியாது. ஒரு சந்தேகம் வரும், அதையும் தீர்த்துவிடுகிறேன்: இது நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி அல்ல, அதன் உறவுக்காரச் செடி. கடையில் 'செம்பருத்தி டீ' என்று கேட்டால் எதைத் தருகிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது குச்சி. அதிமதுரம்! இருமல் என்றால், தொண்டை கட்டினால், பாட்டுக் கச்சேரி என்றால் நாம் உடனே தேடுவது. இதை நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். உடம்பில் உப்பைத் தேக்கிவைக்கும் ஹார்மோனைப் போன்ற வேலையை இது சிறுநீரகத்தில் கிளப்பிவிடுகிறது. உப்பும் தண்ணீரும் தங்கும், பொட்டாசியம் வெளியேறும். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு மாத்திரை கொடுத்தும் 170-க்குக் கீழே இறங்க மறுத்தது. மூன்றாவதை எழுதப் பேனாவை எடுத்தேன். அத்தை ஞாபகம் வந்தது. "வீட்டுல வேற என்ன சாப்பிடறீங்க சார்?" என்றேன். "வேற ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றார். அவர் மனைவிதான், "தினமும் ராத்திரி அதிமதுரக் கஷாயம் போட்டுத் தர்றேனே, அது மருந்தில்லையே" என்று மெதுவாகச் சொன்னார். மூன்று மாதமாம்! கஷாயத்தை நிறுத்தினோம். சில வாரங்களில் அதே இரண்டு மாத்திரையில் பி.பி. அடங்கிவிட்டது.

சளி பிடித்தால் இரண்டு நாள் அதிமதுரம் சுவைப்பதற்குப் பயப்பட வேண்டாம். பி.பி. உள்ளவர்கள் வாரக்கணக்கில் தொடரக் கூடாது.

பொட்டாசியம் என்றதும் இன்னொன்று. டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் 'பி.பி.க்கு நல்லது' என்று தினமும் கீரைச் சாறு, வாழைத்தண்டுச் சாறு, இளநீர் என்று இறங்கினால் பொட்டாசியம் எகிறி இதயத் துடிப்பே தடுமாறலாம்.

சித்த, ஆயுர்வேத மருத்துவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவரிடம் போகிறீர்கள் என்றால் அவருக்கும் உங்கள் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். நான் பயப்படுவது பெயரில்லாத பொட்டலத்துக்குத்தான். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற தெற்காசியத் தயாரிப்புகள் 70-ஐப் பரிசோதித்து 2004-ல் எழுதினார்கள். அவற்றில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் வருகிற தொல்லைகளில் ஒன்று என்ன தெரியுமா? ரத்த அழுத்தம் கூடுவது!

சரி, உங்களுக்கு ஒரு மூலிகையை முயன்று பார்க்க ஆசை. பாருங்கள், ஆனால் கணக்கோடு. டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஆரம்பியுங்கள். சில பி.பி. மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்னைவிட மேலே போய்விடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்றைத் தொடங்காதீர்கள், எது என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, பேசாமல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் பி.பி. பார்த்து நோட்டில் எழுதுங்கள். கொலஸ்ட்ராலுக்கு ஆரம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை, இரண்டு மாதம் கழித்து ஒன்று. 'உடம்பு லேசா இருக்கு' என்பது கணக்கில் சேராது. 180 பி.பி.யிலும் உடம்பு லேசாகத்தான் இருக்கும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்தச் சோதனையே வேண்டாம். பொடி பலன் தந்தால், மாத்திரையைக் குறைப்பதா என்று நோட்டைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். மாத்திரையால் கால் வீங்குகிறதா, இருமல் வருகிறதா? அதையும் சொல்லுங்கள். மாற்று மாத்திரை இருக்கிறது. என் அத்தைக்கும் இருந்தது.

அத்தை இப்போது இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிவிட்டார். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார். அந்தப் பொடி டப்பாவைத் தூக்கிப் போடச் சொன்னபோது விடவில்லை. 'நல்ல டப்பாடா' என்று சொல்லிக் கழுவிக் காயவைத்து, அதில்தான் இப்போது காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை என்று பிரித்து வைத்திருக்கிறார். யாராவது புதிதாக ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்கிறார். எனக்கு போன் வருகிறது. இப்போதெல்லாம் நான் கூட்டத்தைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பொட்டலத்தில் எழுதியிருப்பதை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.